கெட்டி ரத்தம், தண்ணி ரத்தம்

சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து ஃபேர்லேண்ட்ஸுக்குள் நுழைந்து பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் மனித உடம்பின் உறுப்புகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். கண், காது, எலும்பு, சிறுநீரகம், இதயம். நடுநடுவே ஸ்கேன் சென்டர், ரத்தப் பரிசோதனை நிலையம், மருந்துக்கடை. நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர், மேட்டூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரத்தடிகளில் நிற்பார்கள். 2022 அக்டோபர் கடைசியில் நானும் அப்பாவும் அப்படி ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து இருபத்து மூன்றாம் நாள்.

கையில் இருந்த ரிப்போர்ட்டை எந்த டாக்டரும் கேட்கவில்லை. பரிசோதனை நிலையத்தில் ஏதோ 'பேக்கேஜ்' தள்ளுபடி என்று போட்டிருந்ததால் அப்பாவே எடுத்துக்கொண்டது. இ.எஸ்.ஆர். 78 என்று தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில், 20-க்குள் இருக்க வேண்டும் என்று. தட்டணுக்கள் 4.9 லட்சம். சி.ஆர்.பி.யும் கூடுதல். ஹீமோகுளோபின் மட்டும் 10.2, குறைவு.

"ஏன்டா, ரத்தம் கெட்டியாயிருச்சுன்னு போட்டிருக்குதா?"

"அப்படியெல்லாம் போடலப்பா."

"ரத்தம் எடுத்த பையன் சொன்னான். இ.எஸ்.ஆர். ஏறுனா ரத்தம் கெட்டின்னு." கொஞ்சம் நிறுத்தி, தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அப்ப அஞ்சு நாளா அந்த மாத்திரைய நிறுத்துனது தப்பாப் போச்சா?"

அப்போதுதான் எனக்கே தெரியும். டாக்டர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை அவர் ஐந்து நாளாகச் சாப்பிடவில்லை. முன்கையில் அங்கங்கே நீலநீலமாகக் கன்றியிருந்தது. ரத்தம் தண்ணியாகிவிட்டது என்று அவரே முடிவு செய்திருக்கிறார். அப்பா கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு நாமக்கல்லில் இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர் ஆனவர். ஆயில் தண்ணியானால் பேரிங் தேயும், கெட்டியானால் இஞ்சின் திணறும் என்பது அவருடைய நாற்பது வருட அறிவு. 'ரத்தத்தை மெலிசாக்கும் மாத்திரை' என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்ததை அவர் அந்த அறிவை வைத்துத்தான் புரிந்துகொண்டார். மெலிசாகிவிட்டது, நிறுத்தினேன். இப்போது கெட்டியாகிவிட்டது, திரும்பப் போடட்டுமா?

மரத்தடியில் எனக்குப் பதில் தெரியவில்லை. டாக்டருக்கு போன் செய்தோம். அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கச் சொன்னார். "அந்த டெஸ்டை யாரு எடுக்கச் சொன்னா?" என்றும் கேட்டார். அதற்குப் பிறகு சில மாதங்கள் நான் இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. அப்பா குழம்பியது அவருடைய அறியாமையால் அல்ல. நாம் 'கெட்டி' என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டு வைத்திருக்கிறோம். ரத்தம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பது ஒன்று. எவ்வளவு சுலபமாக உறைகிறது என்பது இன்னொன்று. மருத்துவர்களே இவற்றைப் பிரித்தறிய நூறு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த 78-லிருந்தே தொடங்கலாம். ஸ்வீடனில் ராபின் ஃபாரேயஸ் என்ற மருத்துவர் 1918-ல் கர்ப்பிணிகளின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் நிற்கவைத்தபோது சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட வேகமாக அடியில் படிவதைப் பார்த்தார். கர்ப்பத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி கிடைத்தது என்று நினைத்தார். பார்த்தால் காய்ச்சல்காரர்களுக்கும் காசநோயாளிகளுக்கும் அப்படியேதான் படிந்தது. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் படிந்தது. ஃபாரேயஸ் அதோடு நிற்கவில்லை. பழைய கிரேக்கர்கள் உடம்பில் நான்கு திரவங்கள் இருப்பதாகச் சொன்னதே, பாத்திரத்தில் பிடித்துவைத்த ரத்தம் அடுக்கடுக்காகப் பிரிவதைப் பார்த்ததால்தான் இருக்கும் என்றும் எழுதினார். அடியில் கறுப்பு, அதன்மேல் சிவப்பு, அதற்கும் மேல் வெளுத்த ஏடு, உச்சியில் மஞ்சள் நீர். அந்த வெளுத்த ஏடு தடிமனாக இருந்தால் நோய் கடுமை என்று ஐரோப்பிய வைத்தியர்கள் நூற்றாண்டுக்கணக்கில் நம்பினார்கள், அதைக் குறைக்க இன்னும் கொஞ்சம் ரத்தத்தை வெட்டி எடுத்தார்கள். எத்தனை பேர் அதிலேயே போனார்களோ.

அணுக்கள் ஏன் வேகமாகப் படிகின்றன? அழற்சியின்போது கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. அது சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. மளிகைக்கடையில் ஒரு ரூபாய்க் காசுகளை அடுக்கிவைப்பார்களே, அதுபோல அவை அடுக்காகச் சேர்ந்து, கனத்து, இறங்குகின்றன. இதுவரை 'கெட்டி' கட்சிக்குச் சாதகம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. சிவப்பணுக்கள் குறைவாக இருந்தால், இடைஞ்சல் இல்லாமல், இன்னும் வேகமாக இறங்கும். அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 10.2. அதாவது அந்த 78-ல் ஒரு பங்கு ரத்தத்தின் திரவம் தடித்ததால், இன்னொரு பங்கு ரத்தம் நீர்த்துப்போனதால். ஒரே எண்ணுக்குள் கெட்டியும் தண்ணியும் சேர்ந்து உட்கார்ந்திருந்தன.

பைபாஸ் எப்படி இதையெல்லாம் கிளப்புகிறது என்று பார்க்க, அதன் இயந்திரம் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். அது பிறந்ததே ஓர் உறைந்த ரத்தக்கட்டியால். பாஸ்டனில், 1930-களின் தொடக்கத்தில், பித்தப்பை அறுவை முடிந்த ஒரு பெண்ணுக்கு நுரையீரல் தமனியில் கட்டி போய் அடைத்துக்கொண்டது. ஜான் கிப்பன் என்ற இளம் மருத்துவருக்கு இரவெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நாடியைக் குறிக்கும் வேலை. காலையில் கட்டியை எடுக்க முயன்றார்கள், அவள் பிழைக்கவில்லை. கறுத்துப்போன ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றி, திரும்ப உள்ளே அனுப்ப ஒரு வழி இருந்திருந்தால் என்று அந்த இரவில் கிப்பன் யோசித்தார். அந்த யோசனைக்கு உருவம் கொடுக்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது. மனைவி மேரியும் கூடவே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார், முதலில் பூனைகளை வைத்து. 1953 மே 6 அன்று செசிலியா பவோலெக் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணின் இதயம் 26 நிமிடம் முழுக்க இயந்திரத்தின் பொறுப்பில் இருந்தது. அவள் பிழைத்தாள். அடுத்து வந்த நோயாளிகளின் மரணங்களுக்குப் பிறகு கிப்பன் அந்த வேலையையே விட்டுவிட்டார்.

ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்தால் உறைந்துவிடும். அதைத் தடுக்க ஹெப்பாரின் இல்லையென்றால் எந்த இயந்திரமும் இல்லை. அதைக் கண்டுபிடித்ததும் தற்செயல்தான். 1916-ல் பால்டிமோரில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். நாயின் ஈரலிலிருந்து எடுத்த சாறு நேரெதிராக, ரத்தத்தை உறையவிடாமல் வைத்திருந்தது. இன்று ஹெப்பாரின் பன்றிக்குடலிலிருந்து வருகிறது. வேலை முடிந்ததும் அதை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின், சால்மன் மீனின் விந்திலிருந்து வந்த மருந்து. அப்பாவுக்கு அறுவை நடந்தது புரட்டாசியில். வாழ்க்கையில் ஒரு புரட்டாசியில்கூட முட்டையைக்கூடத் தொடாத மனுஷன். நாமக்கல்லில் இருந்துகொண்டு அது சின்ன வைராக்கியம் இல்லை. இந்தத் தகவலை நான் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த வித்தை வேலூர் வழியாக வந்தது. அமெரிக்கரான ரீவ் பெட்ஸ் அங்கே நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கிவைத்தார். மினியாபொலிஸில் லில்லிஹையிடம் பயின்ற டாக்டர் கோபிநாத் 1961-ல் இயந்திரத்தின் துணையோடு திறந்த இதய அறுவை செய்தார். இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் சிலவற்றில் அது ஒன்று. இதயத் தமனி அடைப்புக்கு காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு மாற்றுப்பாதை போடுவதை ரெனே ஃபவலோரோ கிளீவ்லாந்தில் செய்தது 1967-ல். எட்டு வருடம் கழித்து, 1975-ல், ஆஸ்திரேலியாவில் பயிற்சி முடித்து வந்திருந்த டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். பெரிய கல்லூரி மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனையிலோ அல்ல, பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில். ரயில்வேக்காரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்று இருந்த ஆஸ்பத்திரி அது. அவருக்கு அப்போது வயது 33.

பெரம்பூர் எனக்கு வெறும் வரலாற்றுச் செய்தி இல்லை. சேலம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த பெரியப்பாவுக்கு 1986-ல் அங்கேதான் பைபாஸ் நடந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு நெஞ்சுத் தழும்பைக் காட்டி, "எனக்குள்ள ஒம்போது பேரு ரத்தம் ஓடுதுடா" என்பார். கூட வேலை செய்தவர்கள் ஒன்பது பேர் ரயிலேறிப் போய்க் கொடுத்த ரத்தம். எந்தெந்த டிபார்ட்மென்ட் என்றுகூடச் சொல்வார். அவர்களில் ஒருவர் செத்தபோது, "எங்க ரத்தம் போயிருச்சு" என்று கும்பிட்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்பது பேர் என்பது பழைய காலத்துக்கு ஒன்றுமே இல்லை. ஆரம்பகால இயந்திரங்களை ஓடவிடுவதற்கு முன்னால் அதன் குழாய்களையும் தொட்டியையும் ரத்தத்தால் நிரப்ப வேண்டியிருந்தது. ஒரு நோயாளிக்காகப் பலர் வந்து அன்றைக்குக் காலையிலேயே புது ரத்தம் கொடுக்க வேண்டும். அத்தனை அந்நிய ரத்தம் ஏறுவதால் நுரையீரல் கெட்டது, ரத்த அழுத்தம் சரிந்தது. 1960-ல் ஓக்லஹோமா நகரில் நஸீஹ் ஸுஹ்தி என்பவர் இயந்திரத்தை ரத்தத்துக்குப் பதிலாக ஐந்து சத குளுக்கோஸ் கரைசலால் நிரப்பினார். நோயாளியின் ரத்தம் அதில் கலந்து நீர்த்துப்போகும். அதுவரை படித்தவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கும். ஹூஸ்டனில் டென்டன் கூலியும் இதைக் கையிலெடுத்தார். அடுத்தவர் ரத்தத்தை ஏற்காத யெகோவாவின் சாட்சிகளுக்கும் இதனால்தான் இதய அறுவை செய்ய முடிந்தது.

நீர்த்த ரத்தம் ஆபத்தாக இல்லை, உதவியாக இருந்தது. இதயத்தை நிறுத்திவைக்க உடம்பைக் குளிர்விப்பார்கள். குளிர்ந்தால் ரத்தம் தடிக்கும், ஒரு டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 2 சதவீதம். நீர் கலந்தால் அது சரியாகிவிடும். பாகுநிலை குறைந்த ரத்தம் நுண்குழாய்களில் சுலபமாக நுழைந்துவிடும். இதை நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "காஷ்மீர் லோடுக்குப் போறப்ப ஆயில் கிரேடு மாத்துவோம்ல, அதேதான்" என்றார். நான் இரண்டு வாரம் படித்துப் புரிந்துகொண்டது அது.

ஆக அறுவை மேசையில் ரத்தம் தண்ணியாகிறது. அப்புறம்தான் கதை திரும்புகிறது. ஊசி போட்டு அடக்கிய உறைதல் திரும்புகிறது, உடம்பு விழித்துக்கொண்டு என்ன நடந்தது என்று கணக்கெடுக்கிறது. நெஞ்செலும்பைப் பிளந்திருக்கிறார்கள், கால் சிரையை உருவியிருக்கிறார்கள். பிளாஸ்டிக்கும் உலோகமும் ரத்தத்தைத் தொட்டிருக்கின்றன. உடம்புக்கு ஆபரேஷன் என்றும் விபத்து என்றும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சி.ஆர்.பி. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சிக்குப் போகும். 1930-ல் நியூயார்க்கில் நிமோனியாக்காரர்களின் ரத்தத்தில் டில்லெட்டும் ஃபிரான்சிஸும் கண்டெடுத்த அதே புரதம். ஃபைப்ரினோஜன் மெதுவாக ஏறி, முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கும். அதனால் ரத்தத்தின் திரவப்பகுதி தடிக்கும். தட்டணுக்கள் முதலில் விழும். பிறகு எலும்பு மஜ்ஜை ஆவேசமாகப் புதுசுபுதுசாகச் செய்து தள்ளி, இரண்டாம் வாரத்தில் பழைய அளவையும் தாண்டிவிடும். அப்பாவின் 4.9 லட்சம் அந்த மலையின் இறக்கம்.

இதற்கெல்லாம் இயந்திரமே காரணம் என்று ஒரு தலைமுறை நம்பியது. காரணமும் இருந்தது. இதய-நுரையீரல் இயந்திரத்தை 1955-ல் மேயோ கிளினிக்கில் அன்றாட அறுவைக்குக் கொண்டுவந்தவர் ஜான் கிர்க்லின். 1983-ல் அவரும், அவர் மகன் ஜேம்ஸ் முதல் ஆசிரியராகவும் எழுதிய கட்டுரை, ரத்தம் இயந்திரத்தின் பரப்பைத் தொடும்போது காம்ப்ளிமென்ட் என்ற தற்காப்புப் புரதங்கள் கிளர்ந்தெழுவதையும், அவை எவ்வளவு கிளர்ந்தனவோ அதற்கேற்ப அறுவைக்குப் பின் உறுப்புகள் பாதிக்கப்படுவதையும் காட்டியது. அப்பா கட்டிக் கொடுத்த வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்று மகனும் அப்பாவும் சேர்ந்து ஏணி போட்டுப் பார்த்த மாதிரி. அதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

தீயைக் கண்டவர்கள் அணைக்கப் பார்த்தார்கள். முதல் யோசனை ஸ்டீராய்டு. பல பத்தாண்டுகள் பல மருத்துவமனைகளில் வழக்கமாகவே கொடுத்துவந்தார்கள். பிறகு நெதர்லாந்தில் 4,494 பேரை வைத்து ஓர் ஆய்வு, 2012-ல் முடிவு. பதினெட்டு நாடுகளில் 7,507 பேரை வைத்து இன்னொன்று, 2015-ல். இரண்டிலும் எதிர்பார்த்த பலன் இல்லை. இரண்டாவதில் இதயத் தசைச் சேதம் கூடியதாகவே தெரிந்தது.

அடுத்த யோசனை, இயந்திரமே வேண்டாம் என்பது. துடிக்கிற இதயத்திலேயே தைப்பது. இந்திய அறுவை மருத்துவர்கள் இதில் உலகத்திலேயே முன்னணியில் இருப்பவர்கள். அப்பாவுக்கும் நடந்தது அதுதான். "இவருக்கு மிஷினே போடல" என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார்கள். காம்ப்ளிமென்ட் கிளர்ச்சி இதில் குறைவு என்பது உண்மை. ஆனால் சி.ஆர்.பி.யும் ஃபைப்ரினோஜனும் ஏறக்குறைய அதேபோல் ஏறின. பிளந்த நெஞ்சு பிளந்த நெஞ்சுதானே. 19 நாடுகளில் 4,752 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வந்தது. மரணம், மாரடைப்பு, பக்கவாதம் எதிலும் முப்பது நாளில் பெரிய வித்தியாசமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. இயந்திரத்தில் ரத்தம் நீர்க்கிறது, தட்டணுக்கள் அடிபட்டுச் சோர்கின்றன. இயந்திரம் இல்லாதபோது அவை முழு வலுவோடு இருக்கின்றன. அதனால் அப்பா மாதிரி ஆட்களுக்கு ஆஸ்பிரின் இன்னும் அவசியம்.

ஆஸ்பிரின் ரத்தத்தை மெலிசாக்குவதே இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை. பாகுநிலையை அளந்து பார்த்தால் மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒன்றேதான். அது செய்வது வேறு. தட்டணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட ஒரு பொருளைச் சுரக்கும், 'இங்கே காயம், வாங்க' என்று. ஆஸ்பிரின் அந்த வாயை அடைக்கிறது. ஜான் வேன் 1971-ல் இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார், பிறகு நோபல் பரிசு வாங்கினார். மாத்திரை ரத்தத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். ஆனால் அடைபட்ட தட்டணு சாகும்வரை வாய் திறக்காது. அதன் ஆயுள் எட்டிலிருந்து பத்து நாள். ஆகவே தினமும் பத்தில் ஒரு பங்கு புதிதாகப் பிறந்து வரும், அவற்றின் வாயை அடைக்கத்தான் தினம் ஒரு மாத்திரை. ஐந்து நாள் நிறுத்தினால் பாதித் தட்டணுக்கள் புதுசு. மஜ்ஜை வெறிகொண்டு உற்பத்தி செய்யும் மூன்றாம் வாரத்தில் பாதிக்கும் மேலேயே இருக்கலாம். காலிலிருந்து எடுத்துத் தைத்த சிரையின் உள்சுவர் அந்த நேரத்தில் இன்னும் ஆறாத புண். முதல் மாதத்தில் அது அடைத்தால் உறைதலால்தான் அடைக்கும்.

இதெல்லாம் தெரிந்தும், அறுவை முடிந்த உடனே ஆஸ்பிரின் கொடுக்க மருத்துவர்கள் ரொம்ப காலம் பயந்தார்கள். ரத்தக்கசிவு நிற்காதோ என்ற பயம். அப்பா நீலக் கன்றலைப் பார்த்துப் பயந்த அதே பயம். 2002-ல் டென்னிஸ் மங்கானோவும் கூட்டாளிகளும் 17 நாடுகளின் 5,065 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். 48 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரின் கிடைத்தவர்களில் மருத்துவமனையில் இறந்தவர்கள் 1.3 சதவீதம், கிடைக்காதவர்களில் 4 சதவீதம். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல அது, தேறக்கூடியவர்களுக்கே மாத்திரை கொடுத்திருக்கலாம் என்று வாதிடலாம். ஆனாலும் கைகள் அதற்குப் பிறகு மாறின.

மாத்திரையின் மேல் 'தட்டணு வாயடைப்பான்' என்று எழுத முடியாதுதான். ஆனால் 'ரத்தத்தை மெலிசாக்கும் மாத்திரை' என்பதை யாரோ வசதிக்காகச் சொல்லி, நர்சுகள் சொல்லி, மருந்துக்கடையில் சொல்லி, கடைசியில் லாரிக்காரர் ஒருவர் அதை நம்பி ஆயில் மாற்றுகிற மாதிரி நிறுத்திப் போட்டிருக்கிறார்.

2023 டிசம்பரில் ஃபேர்லேண்ட்ஸிலேயே சி.டி. ஆஞ்சியோ எடுத்தோம். மூன்று இணைப்புகளில் நெஞ்சுத் தமனியால் போட்டது நன்றாக ஓடுகிறது. ஒரு சிரை ஓடுகிறது. இன்னொன்று அடைத்துவிட்டது. பழைய ரத்தக்குழாயில் மிச்சமிருக்கும் ஓட்டம் அந்த இடத்துக்குப் போதும், இப்போதைக்குப் பயமில்லை என்றார் டாக்டர். நான் அந்த ஐந்து நாளைப் பற்றிக் கேட்டேன். ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கே முதல் வருடத்தில் பத்தில் ஒரு சிரையாவது அடைக்கும், எதனால் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது என்றார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து தள்ளுவண்டியில் ஒரு தட்டுவடை செட் வாங்கிப் பாதி சாப்பிட்டார். மீதியை என்னிடம் கொடுத்தார்.

"நீதான் அவ்வளவு படிச்சியே. அதுல போடலியா, அந்த அஞ்சு நாள்லயா அடைச்சுதுன்னு?"

"இல்லப்பா."

"சரி," என்றார். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இன்னும் எத்தனை இருக்கிறது என்று எண்ணினார். நான்கு இருந்தது. நாமக்கல் பஸ் ஏறுவதற்கு முன்னால் மருந்துக்கடைக்குப் போனோம்.